நிலாவுல லாவா குகை: எல்லாரும் கேக்குற கேள்விகளும் எனக்குத் தெரிஞ்ச பதிலும்

2024 ஜூலைல "நிலாவுல குகை கண்டுபிடிச்சாச்சு"ன்னு நியூஸ் வந்ததுல இருந்து ஃபேமிலி குரூப், ஸ்கூல் குரூப், ஆபீஸ் டீ டைம்னு எல்லா எடத்துலயும் இதே கேள்விதான், ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி கை வலிச்சுப் போச்சு, அதான் மொத்தமா இங்கயே போட்டுடறேன். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம். இதுவரைக்கும் வாசல் நெறைய பாத்தாச்சு, உள்ள யாரும் போகல, மனுஷனும் போகல ரோபோவும் போகல. இத ஞாபகத்துல வெச்சுகிட்டா வர்ற ஃபார்வர்டுல பாதி எது நெசம் எது ரீல்னு நீங்களே சொல்லிடலாம்.

லாவா குழாய்னா என்னங்க?

பாலக் காய்ச்சி எறக்கி வெச்சா மேல ஆடை படியும்ல, அடியில பால் இன்னும் சூடாதான் இருக்கும். எரிமலைக் குழம்பு சரிவுல ஆறு மாதிரி ஓடும்போதும் அதேதான் நடக்குது. மேல்பக்கம் ஆறி கெட்டியாகி கூரை மாதிரி ஆயிடும், அந்தக் கூரையே போர்வை மாதிரி சூட்டப் பிடிச்சு வெச்சுக்கறதால உள்ள இருக்குற குழம்பு உறையாம பல கிலோமீட்டர் ஓடிட்டே இருக்கும். அப்புறம் எரிமலை நின்னுடும், டேங்க் காலியானா பைப்புல மிச்சம் இருக்குற தண்ணி வடிஞ்சு போற மாதிரி குழம்பும் வடிஞ்சு போயிடும், வெறும் கூடு மட்டும் நிக்கும். அதுதான் லாவா குழாய். பூமியில ஹவாயில கஸுமுரா குகைன்னு ஒண்ணு இருக்கு, சுமார் 65 கிமீ நீளம், லாவா குகையில நமக்குத் தெரிஞ்சு இதுதான் ரொம்ப நீளம்.

நம்ம பக்கம் ஆந்திராவுல பொர்ரா குகை பாத்துருப்பீங்க, அது வேற ரகம், சுண்ணாம்புப் பாறைய தண்ணி அரிச்சு அரிச்சு உண்டானது. நிலாவுல அந்த மாதிரி வாய்ப்பே இல்ல.

நிலாவுல எரிமலையா? சும்மா சொல்றீங்களா?

இப்ப இல்ல, முன்னாடி இருந்துச்சு. பாட்டி வடை சுடுதுன்னு சின்ன வயசுல காமிப்பாங்களே, அந்தக் கறுப்புத் திட்டு மொத்தமும் பழைய லாவா ஓடி ரொம்பி உறைஞ்ச சமவெளிதான். அந்தக் காலத்துல டெலஸ்கோப்புல பாத்தவங்க தண்ணின்னு நெனச்சு கடல்னு பேர் வெச்சுட்டாங்க, அமைதிக் கடல், புயல் பெருங்கடல்னு, பேர் அப்படியே நின்னுடுச்சு. பெரும்பாலும் 300ல இருந்து 380 கோடி வருஷத்துக்கு முன்னாடி ஓடுனது. 2020ல சீனாவோட சாங்'ஏ 5 எடுத்துட்டு வந்த கல்லு 200 கோடி வருஷம்தான்னு தெரிஞ்சதும், எரிமலை நாம நெனச்சத விட ரொம்ப நாள் உயிரோட இருந்துருக்குன்னு எல்லாரும் கணக்க மாத்த வேண்டியதாப் போச்சு.

சரி, யாரும் உள்ள போகலன்னா குழாய் இருக்குன்னு எப்படித் தெரியும்?

இதுதான் நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமா சொல்றேன் பொறுத்துக்கங்க.

முதல்ல நிலா மேல பாம்பு மாதிரி வளைஞ்சு நெளிஞ்சு போற பள்ளத்தாக்கு நெறைய இருக்கு. அப்பல்லோ 15ல டேவிட் ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் 1971 ஜூலைக் கடைசியில எறங்குனதே ஹேட்லி ரில்ங்கற அப்படி ஒரு பள்ளத்துப் பக்கம்தான், ஒன்றரை கிமீ அகலம் இருக்கும், விளிம்புல நின்னு போட்டோ எல்லாம் எடுத்தாங்க. இதெல்லாம் லாவா ஓடுன வாய்க்கால், சிலது கூரை இடிஞ்ச குழாய்னு ஒரு யோசனை அப்பவே இருந்துச்சு. ரொனால்ட் கிரீலிங்கற விஞ்ஞானி 1971லயே புயல் பெருங்கடல்ல இருக்குற மேரியஸ் ஹில்ஸ் பகுதிய வெச்சு இதப் பத்தி எழுதிட்டார். சில பள்ளம் நடுவுல காணாமப் போயி கொஞ்ச தூரம் தள்ளி மறுபடி ஆரம்பிக்கும், நம்மூர்ல ஓடை ரோட்டுக்கு அடியில பைப்புல பூந்து அந்தப் பக்கம் வருமே, அப்படி. அந்த நடுவுல இருக்குற துண்டு இடியாத குழாயா இருக்கணும்னு ஊகம்.

அப்புறம் 2009. ஜப்பானோட ககுயா விண்கலம் எடுத்த படத்துல, அதே மேரியஸ் ஹில்ஸ்ல, ஒரு கறுப்பு ஓட்டை. ஜுனிச்சி ஹருயாமா டீம் கண்டுபிடிச்சது. விண்கல் விழுந்த பள்ளம்னா தட்டு மாதிரி இருக்கும், சுத்தி மண்ணு வாரி எறிஞ்சிருக்கும், இது அப்படி இல்ல, செங்குத்தா, நம்ம ஊர் கெணறு மாதிரி, விட்டம் 50, 60 மீட்டர். அடுத்து அதே டீம் அமைதிக் கடல்ல ஒண்ணும், நிலாவோட பின்பக்கத்துல இன்ஜெனி கடல்ல ஒண்ணும் கண்டுபிடிச்சாங்க. அமைதிக் கடல் குழி 100 மீட்டர் அகலம், ஆழம் 100 மீட்டருக்கும் மேல. நாசாவோட எல்ஆர்ஓ விண்கலம் இதயெல்லாம் நேரா மேல இருந்து பாக்காம சாய்ஞ்சு பாத்து படம் எடுத்துச்சு, அப்பதான் அடித்தளம் விளிம்புக்கு அடியில கொறஞ்சது 20 மீட்டராவது உள்ள போகுதுன்னு தெரிஞ்சுது. எங்க கொங்குப் பக்கம் கெணத்துக்குள்ள சைடு போர் போடுவாங்க தெரியுமா, மேல நின்னு எட்டிப் பாத்தா கெணறு மட்டும்தான் தெரியும், ஓட்டை பக்கவாட்டுல எவ்ளோ தூரம் போகுதுன்னு தெரியாது. அதே நெலமதான்.

இன்னிக்குத் தேதிக்கு 200க்கு மேல குழி கணக்குல இருக்கு. ஆனா உடனே 200 குகைன்னு எழுதிடாதீங்க. பாதிக்கு மேல பெரிய விண்கல் மோதுன சூட்டுல பாறை உருகி ஒறைஞ்ச எடத்துல உண்டான சின்னச் சின்ன குழிங்க. லாவா குழாய் கூரை இடிஞ்சதா இருக்கலாம்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றது ஒரு 16 தான்.

ரேடார், ஈர்ப்பு விசைன்னு என்னமோ சொல்றாங்களே?

ஆமா, ரெண்டு ஆதாரம் இருக்கு. ககுயாவுல ஒரு ரேடார் இருந்துச்சு, தரைக்குள்ள அலைய அனுப்பி எதிரொலி கேக்குறது. 2017ல அந்த டேட்டாவ பாத்தப்ப மேரியஸ் ஹில்ஸ் குழிப் பக்கத்துல ரெட்டை எதிரொலி வந்துருந்துச்சு, முதல்ல கூரை, அப்புறம் வெத்திடம், அப்புறம் தரை, அப்படின்னு எடுத்துக்கலாம். நாசாவோட கிரெயில்னு இரட்டை விண்கலம் 2012ல நிலாவோட ஈர்ப்ப அளந்துச்சு, அதுலயும் அதே ஏரியாவுல எடை கம்மியா இருக்கு, அடியில காலியா இருந்தா அப்படித்தான் காட்டும். ரெண்டும் ஒத்துப் போறது பெரிய விஷயம். ஆனாலும் இது வயித்துல கைய வெச்சுப் பாத்து சொல்ற மாதிரிதான், ஸ்கேன் ரிப்போர்ட் கெடயாது.

அப்ப 2024 நியூஸ்ல என்ன புதுசு?

இத்தாலியில ட்ரெண்டோ பல்கலைக்கழகத்துல லியோனார்டோ கரேர், லொரென்சோ புரூஸோனே இவங்க டீம் செஞ்ச வேலை. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது என்னன்னா புதுசா எதையும் அனுப்பல. எல்ஆர்ஓவுல இருக்குற மினி ஆர்எஃப் ரேடார் 2010ல அமைதிக் கடல் குழிய சாய்வா அடிச்சு எடுத்த பழைய டேட்டா, பதினாலு வருஷம் சும்மா கெடந்துச்சு, அத எடுத்து தூசி தட்டுனாங்க. குழியோட மேற்குப் பக்கம் ரேடார் எதிரொலி வழக்கத்த விட பளிச்சுனு இருந்துச்சு. வெறும் குழியா இருந்தா அது வரக்கூடாது. என்ன வடிவம் இருந்தா இப்படி வரும்னு கம்ப்யூட்டர்ல மாடல் போட்டுப் போட்டுப் பாத்து, மேற்பரப்புல இருந்து 130ல இருந்து 170 மீட்டர் ஆழத்துல, சுமார் 45 மீட்டர் அகலத்துல, 30ல இருந்து 80 மீட்டர் நீளத்துக்கு ஒரு குகைவழி போகுதுன்னு முடிவுக்கு வந்தாங்க.

நியூஸ் சேனல் இத "நிலாவுல சுரங்கப்பாதை"ன்னு போட்டுருச்சு. ஆனா கவனிங்க, 80 மீட்டர்ங்கறது ரேடார் வெளிச்சம் எட்டுன தூரம் வரைக்கும்தான், அதுக்கு அப்புறம் கிலோமீட்டர் கணக்குல போகுதா, இல்ல இடிஞ்ச பாறை வழிய அடைச்சுகிட்டு நிக்குதான்னு அந்த டேட்டாவுக்குத் தெரியாது.

இந்த எடம் அப்பல்லோ 11 எறங்குன எடத்துல இருந்து ஏறக்குறைய 400 கிமீ. சென்னையில இருந்து மதுரை போற தூரத்துக்கும் கம்மி. ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் இத்தன பக்கத்துல வந்துட்டுப் போயிருக்காங்க, பாவம்.

உள்ள 17 டிகிரியாமே, ஊட்டி மாதிரி?

இந்த மீம் எனக்கே அஞ்சாறு தடவ வந்துருச்சு. நம்பர் நெசம்தான், ஆனா முழுசா படிக்கணும்.

2022ல கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட லாஸ் ஏஞ்சலஸ் கிளையில டைலர் ஹார்வத், டேவிட் பெய்ஜ் இவங்கல்லாம் எல்ஆர்ஓவோட டிவைனர்ங்கற வெப்பமானி டேட்டாவையும் கம்ப்யூட்டர் மாடலையும் வெச்சு சொன்னது: அமைதிக் கடல் குழியில நெழல் விழுற பகுதி சுமார் 17 டிகிரியில நிக்குது. வெளிய பகல்ல 127 டிகிரி, ராத்திரி மைனஸ் 173. அதுக்குப் பக்கத்துல 17ங்கறது சொர்க்கம்தான். காரணம் கூரை மாதிரி துருத்திட்டு இருக்குற விளிம்பு, அது பகல்ல நேர் வெயில தடுக்குது, ராத்திரியில சூடு வானத்துக்குப் போயிடாம மடக்குது.

ஆனா அதே ஆராய்ச்சியில இன்னொண்ணும் இருக்கு, அத யாரும் ஃபார்வர்டு பண்ண மாட்டாங்க: குழியோட தரையில நேரடியா வெயில் படுற எடம் மத்தியானத்துல 149 டிகிரி வரைக்கும் போகும், மேல இருக்குற தரைய விட ஜாஸ்தி, ஏன்னா சுத்தி இருக்குற செவுத்துச் சூடும் சேந்துக்குது. ரெண்டாவது, 17ங்கறது வாசல் பக்கத்துக் கணக்கு, வெயில் பட்ட குழியோட கதகதப்புல கெடைக்கிறது. குழாய்க்குள்ள ரொம்ப தூரம் போனா அந்த ஊர்ப் பாறையோட சராசரிச் சூடுதான் இருக்கணும், அப்பல்லோ 15லயும் 17லயும் மண்ணுக்குள்ள சொருகுன வெப்பமானி ஒரு மீட்டர் ஆழத்துல மைனஸ் 20 டிகிரி பக்கம் காட்டுச்சு. ஊட்டியில ரூம் போடணும்னா ரிசப்ஷன்லயே தங்கிக்கணும், உள்ள போகப் போக சியாச்சின். ஆனா எஞ்சினியருக்கு அது கஷ்டமே இல்ல, மாறாம ஒரே மாதிரி குளிரா இருந்தா ஹீட்டர் போட்டுக்கலாம், 300 டிகிரி மேலயும் கீழயும் ஆடுறதுதான் மெஷினக் கொல்லும்.

பூமியில லாவா குழாய் 20, 30 மீட்டர் அகலம்தான், நிலாவுல அதவிட ரொம்பப் பெருசா இருக்கலாம்னு சொல்றாங்களே, ஏன்? இடிஞ்சு விழாதா?

அங்க எல்லாமே ஆறுல ஒரு பங்கு எடைதான், கூரையும் அப்படித்தான். 2017ல டேவிட் பிளேர் டீம் போட்ட கணக்குல, வளைவு சரியா இருந்து கூரை நல்ல தடிமனா இருந்தா 5 கிமீ அகலம் வரைக்கும் கூட இடியாம நிக்கலாம்னு வந்துச்சு. நிக்கலாம்ங்கறது நிக்குதுன்னு ஆயிடாது, அத மறக்க வேணாம். குழி இருக்கறதே எங்கயோ கூரை இடிஞ்சதாலதான. அந்த விளிம்புக்கு அடியில வீடு கட்டுறதுக்கு முன்னாடி எந்தப் பாறை தொங்கிட்டு இருக்குன்னு பாக்கணும்.

எதுக்கு குகைக்குள்ள போயி தங்கணும், மேலயே கூடாரம் போட்டா ஆகாதா?

முக்கியமா கதிர்வீச்சு. நிலாவுக்கு காத்தும் இல்ல, பூமி மாதிரி காந்தப் போர்வையும் இல்ல. சாங்'ஏ 4 அங்கயே எறங்கி அளந்துச்சு, ஒரு நாளைக்கு சராசரியா 1,369 மைக்ரோசீவர்ட் (உடம்பு வாங்குற கதிர்வீச்ச அளக்குற அலகு). சர்வதேச விண்வெளி நிலையத்துல வாங்குறத விட ரெண்டரை மடங்கு, நாம நிக்குற தரையில வாங்குறதப் போல சுமார் 200 மடங்கு. நெஞ்சு எக்ஸ்ரே கணக்குல பாத்தா ஒவ்வொரு நாளும் பத்துப் பதிமூணு தடவ. ஒரு வாரம் டூர் போயிட்டு வர்றவங்களுக்கு சரி, வருஷக் கணக்குல தங்குனா அரை சீவர்ட், அதாவது 5 லட்சம் மைக்ரோசீவர்ட் வருஷத்துக்கு, அதுவும் சூரியன் பெருசா வெடிச்சா அந்தக் கணக்கு தனி. அதோட ராத்திரி பகல்னு இல்லாம நுண் விண்கல் மழை. மேல கூடாரம் போட்டா அது மேல பல மீட்டர் மண்ணு அள்ளிக் கொட்டணும், அதுக்கு பொக்லைன் அனுப்பணும். குகையில கூரை ரெடிமேடு.

குழாய் ரெண்டு பக்கமும் அடைச்சு உள்ள காத்து ரொப்பிட்டா ஊரே கட்டலாமே?

எனக்கும் முதல்ல இதான் தோணுச்சு, ஒரு நாள் உக்காந்து கணக்குப் போட்டுப் பாத்தேன். நம்ம காத்தழுத்தம் சதுர மீட்டருக்கு 10 டன். நிலாவுல ஒரு மீட்டர் தடிமன் பாறை அரை டன்தான் அமுக்கும். அப்ப கூரை தூக்கிக்காம இருக்கவே 20 மீட்டர் பாறை வேணும், விரிசல் இருந்தா போச்சு, பஞ்சர் ஆன ட்யூப் கததான். காத்து எவ்ளோ வேணும்னு பாத்தீங்கன்னா, 100 மீட்டர் அகலம், 100 மீட்டர் உயரம், 1 கிமீ நீளத்துக்கே 12,000 டன். லாரி லோடு கணக்குல கூட அது பெருசு, ராக்கெட்ல நெனச்சே பாக்க வேணாம். அதனால சீரியஸா பேசுறவங்க எல்லாம் சொல்றது குகைக்குள்ள ஊதி விரிக்கிற கூடாரம், கூரை பாறை பாத்துக்கும், காத்த கூடாரம் பிடிச்சுக்கும்.

தண்ணி இருக்குமா?

இந்தக் குழிகள்ல எதிர்பாக்க வேணாம். பனி இருக்குறதா சொல்றது துருவத்துப் பக்கம், வெயிலே படாத பள்ளத்துல. நல்ல குகை வாசல் தெரிஞ்சது எல்லாம் லாவா சமவெளியில, துருவத்த விட்டு ரொம்பத் தள்ளி. ஒரு எடத்துல வீடு இருக்கு, தண்ணி லாரி வேற ஊர்ல. நிலாவுக்கு மறுபடி மனுஷங்கள அனுப்புற நாசாவோட ஆர்ட்டெமிஸ் திட்டம் தென்துருவத்தத் தேர்ந்தெடுத்ததுக்கு தண்ணியும் வெயிலும்தான் காரணம். குகைக்காகவே அங்க போகப் போறாங்கன்னு சொல்ற வீடியோவ நம்பாதீங்க.

சரி உள்ள எப்படித்தான் எறங்குறது?

கயிறு. வேற சுத்தி வளைச்சு சொல்ல ஒண்ணும் இல்ல, கெணறு தூர்வார எறங்குற மாதிரிதான்.

நாசாவோட ஜேபிஎல் ஆய்வகத்துல லாரா கெர்பர் தலைமையில மூன் டைவர்னு ஒரு திட்டம் போட்டாங்க, ஆக்சல்னு ரெண்டு சக்கரம் மட்டும் உள்ள ரோவர், 300 மீட்டர் கயித்துல தொங்கி அமைதிக் கடல் குழி செவுத்துலயே உருண்டு எறங்கும், கரண்டும் டேட்டாவும் அதே கயித்துல. எறங்குற வழியில ஒவ்வொரு லாவா அடுக்கா சோதிச்சுகிட்டே போகும். 2020ல நாசா அடுத்த சுத்துக்கு எடுத்துக்கிட்ட நாலு திட்டத்துல அது இல்ல, ரெண்டு வெள்ளி கிரகத்துக்குப் போற திட்டம், ரெண்டு வெளிக்கோள்களோட நிலாவுக்குப் போற திட்டம். எனக்கு இன்னும் அந்த வருத்தம் இருக்கு.

ஐரோப்பாவுல டெடலஸ்னு ஒரு யோசனை, வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தோடது, 46 செமீ விட்டத்துல ஒரு கண்ணாடிப் பந்து மாதிரி, உள்ள கேமராவும் லேசரும், கயித்துல எறக்குனா சுத்திச் சுத்தி குகைய 3டி மேப் போடும், தரை தொட்டதும் கயித்த விட்டுட்டு உருண்டு போகும். ஸ்பெயினோட ஓவியேடோ பல்கலைக்கழகம் கயித்த எறக்குற கிரேன் பக்கத்த யோசிச்சுது, உள்ள வெயில் கெடயாதே, சின்ன ரோபோவுக்கு சார்ஜ் ஏத்த என்ன வழின்னு, கிரேன் தலையிலயே வயர்லெஸ் சார்ஜிங். 2023ல லான்சரோட்டே தீவுல, அங்க நெசமாவே லாவா குகை இருக்கு, மூணு ரோபோ ஒண்ணுக்கொண்ணு ஒத்தாசையா வேலை செஞ்சு, பெரிய ரோபோ மேல நின்னு கயித்துல சின்ன ரோபோவ உள்ள எறக்கி விட்டு சோதிச்சுப் பாத்தாங்க.

உண்மையான தலவலி என்னன்னா ரேடியோ. பாறை தாண்டி சிக்னல் போகாது, குகை ஒரு வளைவு திரும்புனா தொடர்பு கட். சிக்னல வாங்கி அடுத்த எடத்துக்கு அனுப்புற ரிப்பீட்டர வழியில ஒவ்வொண்ணா போட்டுகிட்டே போகணும், இல்லன்னா ரோபோ தானே யோசிச்சு போயிட்டுத் திரும்பி வரணும். அதுக்கு மேல 14 நாள் ராத்திரி. வெளிய நிக்குற சோலார் பேனல் அப்ப தூங்கிடும்.

தவறி உள்ள விழுந்துட்டா?

இது எங்க அக்கா பையன் கேட்டது, ஏழாவது படிக்கிறான். 100 மீட்டர் விழ பூமியில நாலரை நொடி, அங்க 11 நொடி. தரை தொடும்போது மணிக்கு 65 கிமீ வேகம். ரொம்ப நேரம் பயந்துட்டு அப்புறம் பைக் ஆக்சிடென்ட்.

இதுல நம்ம பங்கு ஏதாவது இருக்கா?

இருக்கு. 2008 அக்டோபர்ல ஸ்ரீஹரிகோட்டால இருந்து போன சந்திரயான் 1, அதோட திட்ட இயக்குநர் பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடிக்காரர் மயில்சாமி அண்ணாதுரைன்னு சொல்லாம விட்டா எங்க ஊர்க்காரங்க என்னய சும்மா விடமாட்டாங்க. அதுல இருந்த கேமரா எடுத்த முப்பரிமாணப் படத்த வெச்சு அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்து ஆளுங்க 2011ல புயல் பெருங்கடல்ல இடியாத ஒரு குழாய்த் துண்டு இருக்குன்னு சொன்னாங்க, சுமார் 1.7 கிமீ நீளம், 360 மீட்டர் அகலம், 120 மீட்டர் உயரம். இதுவும் மேல இருந்து பாத்து போட்ட கணக்குதான், ஆனா மனுஷன் தங்குற எடமா யோசிச்சே எழுதுனாங்க.

தங்க முடியலன்னா விஞ்ஞானிக்கு என்ன லாபம்?

செவுரு. ஒவ்வொரு லாவா ஓட்டமும் ஒண்ணு மேல ஒண்ணா, பல கோடி வருஷத்துக் கணக்கு, லேயர் லேயரா குழிச் செவுத்துல தெரியுது. ரெண்டு ஓட்டத்துக்கு நடுவுல அந்தக் காலத்து மண்ணு மாட்டியிருந்தா, அதுல அன்னைக்கு சூரியன் வீசுன துகள் அப்படியே மூடிக் கெடக்கும். மேல இருக்குற மண்ணு விண்கல் அடிச்சு அடிச்சு மாவா போச்சு, இது அப்படி இல்ல. எனக்கு வீட்ட விட இதான் பெருசு.

அந்த எடத்துல மனை வாங்கலாமா? நெட்ல சர்டிபிகேட் விக்கிறாங்களே?

ஃப்ரேம் போட்டு மாட்டிக்கலாம். 1967 விண்வெளி ஒப்பந்தப்படி எந்த நாடும் நிலாவ சொந்தம் கொண்டாட முடியாது, இந்தியாவும் அதுல இருக்கு. பட்டா குடுக்குற விஏஓ யாரும் அங்க இல்ல.

நம்ம மொட்டமாடியில இருந்து தெரியுமா?

குழி தெரியாது, 3,84,000 கிமீ தள்ளி 100 மீட்டர் ஓட்டை, வீட்டு டெலஸ்கோப்புலயும் தெரியாது. ஆனா எடத்தக் கண்டுபிடிக்கலாம். பௌர்ணமி நிலா கெழக்க எழும்பும்போது பாத்தீங்கன்னா நம்ம ஊர்ல அமைதிக் கடல் மேல்பாதியில இருக்கும், மேரியஸ் ஹில்ஸ் இருக்குற புயல் பெருங்கடல் கீழ்ப்பக்கம். திதி கணக்கு தெரிஞ்சவங்களுக்கு இன்னும் சுலபம்: ஏறக்குறைய வளர்பிறை பஞ்சமியில அமைதிக் கடல் குழிக்கு விடியும், அங்க சூரியன் அப்பதான் மெதுவா எழும்பும். மேரியஸ் ஹில்ஸ்க்கு விடியுறது திரயோதசியில, அதாவது பிரதோஷத்து அன்னைக்கு. சாயங்காலம் கோயில் பிரகாரம் சுத்தும்போது கெழக்க நிலா நல்லா ஏறியிருக்கும், வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற அந்த ஓரக் கோட்டுல வடக்குப் பக்கமா பாருங்க, அங்கதான்.